பின்சுவரோரத்து மூட்டைகள்

ஓசூர்ப் பக்கம் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார் சவுரியப்பன். ஒரே கம்ப்ரசர். அது குளிர வைக்கும் உப்புநீர் குழாய் வழியாக எல்லா அறைகளுக்கும் போகும். எழுபத்து மூன்றில் மின்வெட்டு கடுமையானபோது, கரண்டைக் குறைக்காவிட்டால் கிடங்கை மூட வேண்டியதுதான் என்றார் முதலாளி குப்புராஜ்.

அதுவரை மெஷின் ஓயாமல் ஓடும். சவுரியப்பன் அறைக்கொரு தெர்மாமீட்டர் மாட்டினார். வேண்டிய குளிர் வந்ததும் அந்த அறையின் வால்வை மூடுவார். எல்லா அறையும் குளிர்ந்துவிட்டால் மெஷினையே நிறுத்திவிடுவார். கரண்டு வெகுவாக மிச்சமானது. முதலாளி பார்த்தவர்களிடமெல்லாம் அவரைப் புகழ்ந்தார்.

உருளைக்கிழங்கு நடும் பருவத்தில், தளிக்குப் பக்கத்திலிருந்து மாது என்ற விவசாயி தன் விதைக்கிழங்கை எடுக்க வந்தார். பின்சுவரோரம் அடுக்கியிருந்த மூட்டைகளைப் பிரித்தால் கொழகொழவென்று நாறியது. ஈரக்கிழங்கை வைத்தால் அழுகாமல் என்ன செய்யும் என்று முதலாளி சாதித்தார்.

மாது சவுரியப்பன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. நல்லாக் காய வெச்சுத்தானே கொண்டாந்தேன்?"

காய்ந்த கிழங்குதான். இறக்கும்போது சவுரியப்பனே பார்த்திருந்தார். ஆனாலும் வாய் திறக்கவில்லை.

மாது போன பிறகு தெர்மாமீட்டரைக் கழற்றிப் பின்சுவரோரம் கொண்டுபோய்ப் பிடித்தார். பாதரசம் மளமளவென்று ஏறியது. பார்க்கச் சுலபம் என்று கதவோரம், குழாய்க்கு அடியிலேயே மாட்டியது அவர்தான். மேற்கு வெயில் காயும் பின்சுவரை அவர் நினைக்கவே இல்லை.

அந்த ஞாயிறு மாதா கோயில் பூசையில், பாவம் இருந்தால் வாங்கக் கூடாத நன்மை அப்பத்தை வாங்க அவர் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி ராயம்மாள் காரணம் கேட்டாள். சொன்னார்.

"சாமிகிட்ட அழுது என்னாங்க ஆவப்போவுது? அந்த ஆளு வூட்டுக்குப் போயி சொல்லுங்க."

முதலாளி தடுத்தும் கேளாமல் போனார். கிழங்கு இருக்க வேண்டிய மாதுவின் நிலத்தில் கொள்ளு முளைத்திருந்தது. முழுவதையும் கேட்டுவிட்டு மாது மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்கே சொல்லியிருந்தா, வேற வெதைக்கு அலைஞ்சிருப்பேன். ஈரக்கெழங்கு வெச்சவன்னு ஊரே என்னைச் சொல்லுதுங்க."

அவர் தண்ணீர் கொடுத்தார். சவுரியப்பன் செம்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். திரும்புகிற வழியில் ஊர்ச் சாவடியில் நின்று, தப்பு தன்னுடையது என்று இருந்தவர்களிடம் சொல்லிவிட்டு வந்தார்.

தெர்மாமீட்டர்கள் பின்சுவருக்கு மாறின. மெஷின் சற்றுக் கூடுதலாக ஓடியது. பழைய செலவைவிட அது இன்னும் குறைவுதான். மறுவருஷம் மாதுவின் ஊர்க்காரர்கள் கிழங்கு கொண்டுவந்தார்கள். மாது வரவில்லை.