ஹமீதுக்காக அமெரிக்காவுக்கு ஒரு மனு

மனு அடித்துக் கொடுக்கிற தொழிலுக்கு ஒரு சாபம் உண்டு: காரியம் நடக்காவிட்டால் நம் டைப்பிங் சரியில்லை, நடந்துவிட்டால் முருகன் செயல்.

தொண்ணூறுகளில் திருத்தணியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் ஆரம்பித்து, இரண்டாயிரத்துக்குப் பிறகு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு அதையே பிரவுசிங் சென்டராக மாற்றியவள் நான். பட்டா மாற்றம், விதவை பென்ஷன், ரேஷன் கார்டில் மருமகள் பெயர் சேர்ப்பு என்று அரசாங்கக் கதவைத் தட்டித் தட்டி விரல் தேய்ந்த உங்களைப் போன்றவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். ஆகவே நான் சொல்லப்போகிற அவஸ்தை உங்களுக்குப் புதிதல்ல. தட்ட வேண்டிய கதவு மட்டும் கொஞ்சம் தூரத்தில் இருந்தது.

எந்த ஆபீஸுக்கு?

பாபு மலைக்கோயில் மடைப்பள்ளியில் தலைமுறையாகச் சமைக்கிற குடும்பத்துப் பையன். ஏஜெண்ட் ஒருவர் பேச்சைக் கேட்டு ஆப்கானிஸ்தானுக்குப் போய், அமெரிக்க ராணுவ முகாமின் மெஸ்ஸில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தான். ஒருநாள் சென்டருக்கு வந்து, கூட்டம் கலையும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பிறகு நடந்ததைச் சொன்னான்.

அங்கே ஹமீது என்று ஒரு மொழிபெயர்ப்பாளர். ஒருநாள் சரக்கு லாரியில் பாபுவோடு சில சமையல்காரர்களும் ஹமீதும் வந்துகொண்டிருந்தபோது துப்பாக்கிக்காரர்கள் மறித்துவிட்டார்கள். ஹமீது நினைத்திருந்தால் மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டிருக்கலாம். இறங்கிப் போய், "இவங்க இந்தியாக்காரங்க, வெறும் சமையல்காரங்க" என்று பேசிப் பேசியே இவர்களை மீட்டுவிட்டார். ஆனால் அவர் முகம் அவர்களுக்குத் தெரிந்துபோயிற்று. கொஞ்ச நாளில் அவர் வீட்டுக் கதவில் மிரட்டல் சீட்டு. மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு டெல்லிக்கு ஓடி வந்துவிட்டார். அமெரிக்கப் படையோடு வேலை செய்த மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தனி விசா உண்டாம். அதற்கு விண்ணப்பித்துவிட்டு, பதில் வராமல் காத்துக்கொண்டிருக்கிறார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பாபு கேட்டான்: "அவருக்காக ஒரு மனு போடணுங்க்கா. கலெக்டருக்குப் போட்டா அவரு அமெரிக்காவுக்கு அனுப்புவாரா, இல்ல நாமளே நேரா போட்டுக்கலாமா?"

கோழி

நேராகவே போட்டோம். முதலில் பாபுவின் சாட்சி வாக்குமூலம். அதைப் பார்ப்பதற்கென்று அவன் அப்பாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. "முகாமில் உன் வேலை என்ன?" என்று கேட்டேன். பாபு அப்பாவை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. "காய் வெட்டினேங்க்கா" என்றான். கண்ணாலேயே ஏதோ கெஞ்சினான்.

எனக்குச் சங்கடம். ஹமீது அனுப்பியிருந்த விண்ணப்ப நகலில், "பாபு என்பவர் முகாமில் கோழி வறுக்கும் பிரிவில் இருந்தார்" என்று ஏற்கெனவே இருக்கிறது. ரெண்டும் முட்டிக்கொண்டால் வாக்குமூலம் குப்பைக்குப் போகும். இங்கிலீஷில்தானே அடிக்கிறோம், அப்பாவுக்கு என்ன தெரியப்போகிறது என்று சத்தமில்லாமல் சிக்கன் என்று அடித்தேன். பெரியவர் திரையைப் பார்க்கவேயில்லை, மகனைப் பார்த்தார்.

"ஏன்டா, காய் வெட்றதுக்கா ஒருத்தன் பிளேன் டிக்கெட்டு குட்து கூப்டுவான்? கோழின்னே அடிம்மா. இவன் பொய் சொல்லி அந்தப் புள்ளைக்கு விசா இல்லாம பூடப் போவுது."

பெயர்

அடுத்த தடங்கல் ஹமீதின் பெயர். பிறந்த ஊர் சான்றிதழில் ஒரு மாதிரி, முகாம் அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் இன்னொரு மாதிரி எழுத்துகள். போதாததற்கு ஒற்றைப் பெயர்தான். குடும்பப் பெயர் என்ன என்று விசா ஆபீஸில் விடாமல் கேட்கிறார்கள். ரேஷன் கார்டில் ஒரு புள்ளி இடம் மாறியதற்காக வருடக்கணக்கில் நடந்தவர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடருங்கள்.

மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஒரு பிரமாணப் பத்திரம் தயார் செய்தேன். அதில் கையெழுத்துப் போட வேண்டும் என்று டெல்லிக்குப் போன் செய்து ஹமீதிடம் சொன்னேன். நிதானமான இங்கிலீஷில் அவர் சொன்னது இது:

"மேடம், என்னைக் கொல்லத் தேடுறவங்களுக்கு நான் யாருங்கிறதுல ஒரு சந்தேகமும் இல்லை. காப்பாத்த வேண்டியவங்களுக்குத்தான் இருக்கு."

காலில் விழுந்த கதை

ஹமீதோடு வேலை பார்த்த கேப்டன் ஏற்கெனவே சிபாரிசுக் கடிதம் கொடுத்திருந்தார். அது செல்லாதாம், ஜெனரல் அளவில் கையெழுத்து வேண்டுமாம். தாசில்தார் கையெழுத்து போதாது, கலெக்டரிடம் போ என்பார்களே, அதேதான். ஜெனரலுக்கு நாங்கள் எங்கே போவது?

கேப்டன் ராணுவத்தை விட்டு ஊருக்குப் போய்விட்டிருந்தார். பாபு முகாமில் ஒருநாள் அவருக்கு வெண்பொங்கல் கிண்டிக் கொடுத்திருக்கிறான். அந்த ருசியில் மயங்கித் தன் ஈமெயில் விலாசத்தைக் கொடுத்திருந்தார். அதற்கு நான் மெயில் எழுதினேன். எனக்குத் தெரிந்தது மனு நடை ஒன்றுதான். "தங்கள் பொற்பாதங்களில் விழுந்து வணங்கி மிகத் தாழ்மையுடன் வேண்டிக்கொள்வது" என்பதை அப்படியே இங்கிலீஷில் அடித்தேன். பதில் இல்லை. மறுநாளும் விழுந்தேன். அதற்கடுத்த நாள் பாபு, அவன் அப்பா, நான் மூவரும் சேர்ந்து விழுந்ததாக எழுதினேன். ஹமீதின் மகள் டெல்லியில் பள்ளிக்கூடம் போகாமல் ஜன்னலருகே உட்கார்ந்திருக்கிறாள் என்பதையும் ஒரு வரி சேர்த்தேன்.

அதற்குப் பதில் வந்தது: "அம்மா, தயவுசெய்து என் காலில் விழுவதை நிறுத்துங்கள். ஜெனரலைப் பார்க்கக் காரை எடுத்துவிட்டேன்."

விருந்தாளி

ஜெனரல் கையெழுத்துப் போட்டும் விசா வந்தபாடில்லை. காத்திருந்தே பைத்தியம் பிடித்துவிடும்போல இருக்கிறது என்று ஹமீது சொன்னதால், ஒரு மாறுதலுக்குத் திருத்தணிக்கு வரச் சொன்னான் பாபு. ஆறடி உயரமும் அடர்ந்த தாடியுமாக வந்து இறங்கினார். எங்கள் ஊரில் ஒருவருக்குத் தமிழ் தெரியவில்லை என்றால் அவர் தெலுங்குக்காரர், அவ்வளவுதான். ஆட்டோக்காரர் தெலுங்கில் பேரம் பேசினார். டீக்கடைக்காரர் சர்க்கரை போடவா என்று தெலுங்கில் கேட்டார். மலையடிவாரத்தில் சவரக் கத்தியோடு ஒருவர் ஹமீதின் கையைப் பிடித்து, மொட்டையா, தாடி மட்டும் போதுமா என்று தெலுங்கிலேயே விசாரித்தார். கத்தியைப் பார்த்ததும் ஹமீது மிரண்டுபோய் எனக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். என் உயரம் அவர் தோளுக்குக்கூட வராது.

யாரோ ஸ்டேஷனில் போட்டுக்கொடுத்துவிட்டார்கள். சாயங்காலம் ஏட்டு சென்டருக்கே வந்து, காகிதங்களைக் காட்டு என்றார். ஹமீதின் முகம் வெளுத்துவிட்டது. சீருடை வந்து கதவில் நிற்பதற்கு அவர் ஊரில் என்ன அர்த்தமோ. நான் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினேன். ஏட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஜெனரல் கடிதத்துக்கு வந்ததும் விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாம் கரெக்டாத்தான் கீதும்மா. ஆங், இந்த ஜெனரலாண்ட சொல்லி எனக்கு டிரான்ஸ்பர் வாங்கித் தர முடியுமா?"

விசா

டெல்லிக்குத் திரும்பியிருந்த ஹமீதிடமிருந்து போன் வந்த அன்று சென்டரில் நல்ல கூட்டம். ஹமீதுக்கும் மனைவிக்கும் மகளுக்கும் விசா கிடைத்துவிட்டது. அதே முகாமில் லாரி ஓட்டிய அவர் தம்பிக்கு இல்லை. கூடப் பிறந்தவர்கள் குடும்பக் கணக்கில் வரமாட்டார்களாம். சந்தோஷத்தையும் துக்கத்தையும் ஹமீது ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். ரிசீவரை பாபுவிடம் கொடுத்தேன். இரண்டு ஆண்கள் டெல்லியிலும் திருத்தணியிலும் ஒரே நேரத்தில் தேம்பித் தேம்பி அழுதார்கள். நான் மானிட்டரைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். தம்பிக்கு நாளைக்கே ஆரம்பிப்போம் என்று அவரிடம் சொல்லச் சொன்னேன்.

அம்மையார்குப்பத்திலிருந்து வந்திருந்த நெசவாளி ஒருவர், காலையிலிருந்து பெஞ்சில் காத்திருந்தவர், இதெல்லாம் அடங்கும்வரை பொறுமையாக இருந்தார். பிறகு எழுந்து வந்து தன் மஞ்சள் பையை என் மேஜையில் வைத்தார்.

"அமெரிக்கா முட்ஞ்சிதில்ல? இப்ப எங்க தெரு கரண்டு கம்பத்து மனுவ எடும்மா. அதான் கஷ்டமான கேஸு."

உயிருக்குப் பயந்து ஒருவன் ஓடி வருகிற வேகத்துக்கும், அதை நம்பி இன்னொருவன் கையெழுத்துப் போடுகிற வேகத்துக்கும் நடுவில் இருக்கிற இடத்தில்தான் நான் கடை போட்டிருக்கிறேன்.