டைகரும் மண்ணாங்கட்டியும்

காமயகவுண்டன்பட்டியில் கருத்தம்மாள் குறிபார்த்து எறிவதில் பேர்போனவள். முப்பதடி தள்ளிப் போகிற ஆட்டைத் திருப்ப வேண்டுமென்றால், நடந்தபடியே குனிந்து ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து வீசுவாள். அது ஆட்டின் மேல் படாது. மூக்குக்கு ஒரு சாண் முன்னால் விழுந்து உடையும். ஆடு மறுபேச்சில்லாமல் திரும்பிவிடும்.

பதினான்கு வருஷம் விடிகாலை ஜீப்பில் குமுளி மலையேறி ஏலக்காய் பறித்தவள். ஒரு ஜீப்பில் பதினெட்டுப் பேரோடு கால் மடக்கி உட்கார்ந்து அலுத்துப்போய், ஆறு செம்மறி வாங்கினாள். அவை இப்போது ஐம்பத்திரண்டு. வீட்டில் உலை கொதிப்பது அவற்றால்தான்.

மந்தைக்கு முன்னால் அவள் புருஷன் மொக்கைச்சாமி நடப்பார், பின்னால் இவள் ஓட்டுவாள். போன ஆடியில் அவருக்கு முழங்கால் விட்டுப்போனது. அதற்குப் பிறகு மந்தையோடு போனது இவளும் நாயும்தான்.

மேய்ச்சல் இருப்பது நெல் அறுத்த வயல்களில். அங்கே போக இருநூறு கஜம் வண்டிப்பாதை. பாதைக்கு இரண்டு பக்கமும் ஈஸ்வரபாண்டியின் திராட்சைப் பந்தல், வேலி கிடையாது. ஒரு மாதத்துக்குள் மூன்று முறை ஆடுகள் உள்ளே புகுந்து கொழுந்தைக் கடித்தன, சொட்டுநீர்க் குழாயையும் மென்றன. மூன்றாவது முறை அவன் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"யக்கா, இன்னொரு தடவ ஆடு உள்ள வந்துச்சுன்னா பாதையில கம்பி கட்டிருவேன். மருந்தடிச்ச கொழுந்து. தின்னா நட்டம் எனக்கு மட்டுமில்ல."

"நாய் இருக்குல்ல தம்பி. பழகிரும்."

"எது, இதா? பேருதான் டைகரு. ஆடு உள்ள போகயில இது அங்கன வாய்க்கா ஓரத்துல படுத்துக் கெடந்துச்சு."

"மாமியா வீட்டுக்கு வந்த மருமகன்ல அது" என்றார் கட்டிலில் இருந்த மொக்கைச்சாமி. கருத்தம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. பாதை அடைபட்டால் மிச்சமிருப்பது மெயின் ரோடு. ஜீப்பும் லாரியும் பறக்கிற ரோட்டில் ஐம்பத்திரண்டு ஆட்டைத் தனியாக ஓட்ட முடியாது. விற்றுவிட்டு, ஐம்பத்து நாலு வயதில் மறுபடி ஏலக்காய் ஜீப்பில் ஏற வேண்டியதுதான்.

நாய்க்கு வேலை தெரியாமலில்லை. பஸ் ஸ்டாண்டில் எடுத்த குட்டி அது, ஆட்டுக்குட்டிகளோடேயே வளர்ந்தது. வெட்டவெளியில் மந்தையைச் சுற்றி ஓடி, பல் படாமல் அழகாக ஒதுக்கிக் கொண்டுவரும். பாதையில் மட்டும் காணாமல் போய்விடும். பட்டினி போட்டால் சரியாகும் என்றார் மொக்கைச்சாமி. இரண்டு நாள் போட்டாள். அது அவளுடைய தூக்குவாளியைத் திறந்து சோற்றைத் தின்றது.

விஷயம் ஒரு முள்ளால் தெரிந்தது. ஒரு மத்தியானம் வயலில் நாய் ஆடுகளை ஒதுக்கிக்கொண்டிருந்தது. கருத்தம்மாளின் குதிகாலில் கருவேல முள் ஏறிவிட்டது, பிடுங்கக் குனிந்தாள். நாற்பதடி தூரத்தில் இருந்த நாய் அப்படியே நின்றது. காதை மடக்கிக்கொண்டு வாய்க்காலைப் பார்த்து நடந்தது. நிமிர்ந்து கூப்பிட்டாள், வந்தது. சும்மா குனிந்து பார்த்தாள். மறுபடி போனது.

பஸ் ஸ்டாண்டில் அதைக் கல்லால் அடித்துத் துரத்தியவர்கள் எத்தனை பேரோ. இவள் ஒருநாளும் அதன்மேல் எறிந்ததில்லை. ஆனால் குனிகிற கை யாருக்காகக் குனிகிறது என்று நாய்க்கு எப்படித் தெரியும்? வெட்டவெளியில் அவளுக்குக் கட்டி தேவைப்படாது. பாதையிலோ பத்தடிக்கு ஒருதரம் குனிவாள்.

"அப்பக் குனியாத" என்றார், ராத்திரி இதைக் கேட்ட மொக்கைச்சாமி.

"குனியாம எப்படி ஆடு ஓட்டுறது?"

"ஏன், நாயி எதுக்கு இருக்கு?"

"சொல்லுவீக. நடக்குறவளுக்குல்ல தெரியும்."

ஆனாலும் பத்து நாள் பழகினாள். நாயையல்ல, தன் கையை. துண்டின் இரண்டு முனையையும் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தாள். முதல் நாள் ஏழு முறை கை தானாகக் கீழே போனது. நாய்க்கு இரண்டே சொல் வைத்துக்கொண்டாள், வலத்த, எடத்த. கத்தாமல், மாற்றாமல் சொன்னாள். அத்தனை நாளும் பாதைக்குப் போகாமல், ஊர்ப்பக்கத்து வாய்க்கால் கரைகளிலேயே மேய்த்தாள். அங்கே புல் தீர்ந்ததும் பாதையில் இறங்கினாள்.

ஈஸ்வரபாண்டி பந்தலோரத்தில் மருந்தடிக்கிற டியூபை மாட்டிக்கொண்டிருந்தான். பாதிவழியில் குட்டியோடு வந்த செவலை ஆடு இடப்பக்கம் தலையை நுழைத்தது. பின்னாலேயே இன்னும் இரண்டு. நாய் வலப்பக்கம் இருந்தது. காலடியில் நல்ல கட்டிகள் கிடந்தன. கருத்தம்மாளின் இடுப்பு பாதி மடங்கிவிட்டது. நாய் அவளையே பார்த்தது.

நிமிர்ந்தாள். "எடத்த" என்றாள்.

கட்டி எறிந்திருந்தால் செவலை பந்தலோரத்திலேயே நின்றிருக்கும். இப்போது மூன்று எட்டு உள்ளே போய்விட்டது. நாய் பாதையைத் தாண்டி, பந்தலுக்கு அடியில் புகுந்து, ஆட்டுக்கு அந்தப் பக்கமாக வந்து நின்றது. செவலை முன்னங்காலைத் தட்டியது. நாய் கடிக்கவுமில்லை, விலகவுமில்லை. ஆடு திரும்பிப் பாதைக்கு வந்தது, மற்ற இரண்டும் கூடவே வந்தன. கருத்தம்மாள் ஓடிப்போய்ச் செவலையின் வாயைப் பிளந்து ஒரு இலையை வெளியே இழுத்துப் போட்டாள்.

ஈஸ்வரபாண்டி வந்து கொடியைப் பார்த்தான்.

"உள்ள வந்துருச்சேக்கா."

"வந்துச்சு. இல்லைங்கல."

"கம்பி வாங்கி வச்சுட்டேன்."

நாய் அதற்குள் மந்தையின் பின்னால் போயிருந்தது. அவன் அதையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நாளைக்குக் காலையில மருந்தடிக்கிறோம். பத்து மணிக்கு மேல ஆளுக போயிருவாக. அப்புறமா ஓட்டிட்டு வாங்க."

"பதினொண்ணுக்கு வாறேன்" என்றாள் கருத்தம்மாள்.