என் கன்னத்தில் எடுத்த சோதனைப் படங்கள்

மாத்தளையில் ஒரு ஸ்டூடியோவில் படங்களைத் திருத்தும் வேலையில் இருந்தேன். முதலாளி புதிதாக ஒரு மிரர்லெஸ் கெமரா வாங்கினார். பழையதும் அதே கம்பனி, அதே அளவு. உள்ளே படத்தைப் பதியும் சென்சர் மட்டும் வேறு. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தே தீருவது என்று நின்றார்.

பூச்சாடியை வைத்து எடுத்தார், வித்தியாசம் தெரியவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். சின்ன வயதில் வந்த அம்மை என் இரண்டு கன்னங்களிலும் குழி குழியாகத் தழும்பு விட்டுப் போயிருந்தது.

"தங்கச்சி, இப்பிடி வந்து உக்காருங்க. உங்க மூஞ்சியிலதான் டீட்டெயில் இருக்கு."

வேலை போய்விடும் என்ற பயத்தில் உட்கார்ந்தேன். ஒரே லென்ஸை இரண்டு கெமராவிலும் மாற்றி மாற்றிப் பொருத்தி, வெளிச்சத்தைக் குறைத்து எடுத்தார். பெரிய டீவியில் இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டு, கன்னம் மட்டும் தெரியும்படி பெரிதாக்கினார். பழைய சென்சரில் இருட்டுப் பகுதி புள்ளி புள்ளியாகி, குழிகள் அதற்குள் மறைந்திருந்தன. புதியதில் ஒவ்வொரு குழிக்கும் விளிம்பும் நிழலும் இருந்தன. கடையில் நின்ற அவருடைய தம்பி டீவிக்குக் கிட்டப் போய் விரலால் தொட்டுக் காட்டினான்.

அந்த நேரம் பார்த்து ரத்தோட்டையிலிருந்து ஒரு கலியாண வீட்டுக்காரர்கள் வந்தார்கள். முதலாளி படத்தை அணைக்கவில்லை.

"இந்த மூஞ்சியையே இவ்வளவு கிளியரா எடுக்குதுன்னா, உங்க பொண்ணு எப்பிடி வருவான்னு யோசிச்சுப் பாருங்க."

பெண்ணின் தாய் என்னையும் டீவியையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள். ரிவர்ஸ்டன் மலையில் எடுக்கும் படங்களுக்கும் சேர்த்து அங்கேயே பேசி முடித்தார்கள்.

அவர்கள் போன பிறகு, படத்தை அழித்துவிடச் சொல்லிக் கேட்டேன். இல்லாததையா கெமரா காட்டிவிட்டது என்று கேட்டார். மறுநாள் அதைவிட நல்ல யோசனையோடு வந்தார்: என் முகத்தில் ஒரு பாதியைத் திருத்தி, மறுபாதியை அப்படியே விட வேண்டும். என் வலது கன்னத்தைக் குழி தெரியாமல் கம்பியூட்டரில் நானே மெழுகினேன். வேலை சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டு, பெரிதாகப் பிரின்ட் போட்டு ரோட்டைப் பார்த்த கடைக் கண்ணாடியில் ஒட்டினார்.

அம்மா அதை பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்தவள் என்னிடம் கோபிக்கவில்லை. கலியாணத் தரகருக்குக் காட்ட அந்தப் படத்தில் ஒரு கொப்பி கேட்டாள்.

"அந்த வலது பக்கம் மாதிரியே முழுசும் செஞ்சு தா. நீ அப்பிடித்தான் இருந்திருக்கணும்."

அடுத்த மாதம் தம்புள்ளையில் வேறு ஸ்டூடியோவில் வேலை பார்த்துக்கொண்டு போனேன். அம்மா கேட்ட படத்தைக் கடைசிவரை செய்து கொடுக்கவில்லை. அவளும் அதற்குப் பிறகு தரகரைப் பற்றிப் பேசவில்லை.