உள்ளே இருப்பவர்கள்: 2

இதைப் படித்துவிட்டு "ஆள் தூக்கக் கலக்கத்தில் இருந்திருப்பான்" என்பீர்கள். இல்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். நான் சொல்லும் நேரமெல்லாம் சர்வரில் பதிவானவை. எனக்கு வேண்டுமானால் மறதி வரலாம், அதற்கு வராது.

எங்கள் வேலை இதுதான். நூற்றுப் பன்னிரண்டு கிளினிக்குகளின் நோயாளிப் பதிவுகள் எங்கள் சர்வரில் இருக்கின்றன. யாருக்கு என்ன மாத்திரை, எத்தனை வேளை, எல்லாம் அதில்தான். அதை நடத்தும் மென்பொருள், உலகம் முழுக்கப் பல பேர் சேர்ந்து எழுதி இலவசமாகத் தருவது. புது வெர்ஷன் வந்துகொண்டே இருக்கும். எப்போது மாற்றுவது என்பதுதான் தலைவலி. அவசரப்பட்டு மாற்றினால் புதுக் கோளாறு வரும். தள்ளிப்போட்டால் பழைய ஓட்டை வழியாகத் திருடன் வருவான்.

இதை ஏழு வருஷம் முடிவு செய்தவர், எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர். அவரை "பொறு சார்" என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். புள்ளி பூஜ்யம் என்று முடியும் வெர்ஷனைத் தொடவே மாட்டார். "பொறு. ஊர்ல நாலு பேரு போட்டு அடி வாங்கட்டும். புள்ளி ஒண்ணு வந்ததும் பாத்துக்கலாம்" என்பார். ஒரு தடவைகூட அவர் கணக்கு தப்பவில்லை. அவருக்குப் பொறுமை, பக்கத்து மேஜையில் எனக்குப் பொறாமை. வயிறு எரிந்தது என்றே எழுதுகிறேன், இதில் என்ன வெட்கம்?

மாரடைப்பில் போனார். நாற்காலி எனக்கு வந்தது. முதல் நாள் முதல் வேலையாக அவர் அக்கவுண்டை அழித்தேன். பாதுகாப்புக்காக என்று சொன்னேன். பெயர் மறைந்ததும் மனசு குளிர்ந்துபோனது.

ஆனால் மனிதர் போகவில்லை. 5.0 வந்ததும் மாற்றலாம் என்றேன். நெட்வொர்க் பார்க்கும் அக்கா நிமிராமலே சொன்னார்.

"அவரு இருந்தா பொறுன்னு சொல்லியிருப்பாரு."

"இப்ப இருக்கறது நான்தாங்க்கா."

வீட்டிலும் இதையே புலம்பினேன். என் மனைவி தட்டை நகர்த்தி வைத்தாள். "செத்தவரோட என்னங்க போட்டி?"

போட்டிதான். அவர் இருந்திருந்தால் தொட்டிருக்கவே மாட்டாத வெர்ஷனை நான் போட்டுக் காட்ட வேண்டும். அன்றைக்குத்தான் இந்த நாற்காலி என்னுடையது. கிளினிக்குகள் மூடியிருக்கும் ஞாயிறு மதியத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

1:50. ஆபீஸில் நான் மட்டும். ஏதாவது கெட்டுப்போனால் திரும்ப ஏற்றுவதற்காகத் தினமும் எடுத்துவைக்கும் நகல் கோப்புகள் வரிசையாக இருந்தன. தேதியைப் பார்க்கவில்லை. இருக்கிறதே, போதும் என்று விட்டுவிட்டேன்.

2:11. பழைய வெர்ஷனை நிறுத்தினேன். வழக்கம்போல சர்வருக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தேன்.

உள்ளே இருப்பவர்கள்: 2.

ஒன்று நான். இன்னொன்றுக்குப் பெயர் இல்லை, வெறும் எண். 1007. அக்கவுண்டை அழித்தால் பெயர் போய்விடும், எண்தான் மிஞ்சும். அது யாருடைய எண் என்று எனக்குத் தெரியும். அழித்தவன் நான்தானே...

வெளியே தள்ளினேன். மறுபடி பார்த்தேன்.

2.

2:13. டக்... டக்... டக்...

கீபோர்டு. பொறு சார் அடிப்பதுபோல, இரண்டே விரலால் அடிக்கும் சத்தம். அலமாரி மேலிருந்து வந்தது. அங்கே ஓர் அட்டைப்பெட்டி. பொறு சாரின் சாமான்களைப் போட்டு டேப் ஒட்டியவன் நான். எதிலும் இணைக்காத அவர் கீபோர்டு அதற்குள் இருந்தது.

2:15. என் திரையில் ஒரு சொல்.

பொறு.

என்டருக்குப் போன விரலை எடுத்துவிட்டேன்.

டக்... டக்...

2:17. சத்தம் நின்றது.

உண்மையைச் சொல்கிறேன். நான் எழுந்து ஓடியிருக்க வேண்டும். பயத்தைவிடப் பொறாமை பெரிதாக இருந்தது. செத்த பிறகும் எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டாரா?

2:18. புது வெர்ஷனை ஏற்ற என்டர் தட்டினேன்.

2:26. புது வெர்ஷன் ஓடியது. ஒரு பதிவைத் திறந்தேன். ஆறு வயதுக் குழந்தை. மருந்து, எழுபது வயதுப் பெரியவருடைய இதய மாத்திரை. அடுத்த பதிவைத் திறந்தேன். அதற்கடுத்தது...

எல்லாருடைய மருந்தும் ஒரு வரிசை கீழே நகர்ந்திருந்தது.

திங்கள் காலை எட்டு மணிக்குக் கிளினிக்குகள் திறக்கும்.

பழைய வெர்ஷனுக்குத் திரும்பினேன். புதியது மாற்றி எழுதிய பதிவுகளைப் பழையதால் படிக்க முடியவில்லை. இருந்ததில் கடைசி நகலை எடுத்து ஏற்றினேன். 5:40-க்கு எல்லாம் சரியானது. ஒரு பதிவுகூடக் குறையவில்லை.

உள்ளே இருப்பவர்கள்: 1.

மறுநாள் காலை அக்கா என் மேஜைக்கு வந்தார்.

"அவரு அக்கவுண்ட எப்ப அழிச்சீங்க?"

"இருபத்திமூணு நாளாச்சு."

"தினமும் நகல் எடுக்கற வேலை அந்த அக்கவுண்ட்லதான் ஓடிட்டிருந்துச்சு. நீங்க அழிச்சதோட அதுவும் நின்னுபோச்சு. அதுக்கப்புறம் ஒரே ஒரு நகல்தான் இருக்கு."

திரையை என் பக்கம் திருப்பினார்.

எடுத்தவர்: 1007. தொடக்கம்: ஞாயிறு 2:13. முடிவு: 2:17.

அந்த நாலு நிமிஷத்துக்குத்தான் என்னைப் பொறுக்கச் சொல்லியிருக்கிறார்.

அதற்குள் மேலாளர் அம்மா வந்துவிட்டார். "நல்லவேளை, கடைசி நிமிஷத்துல நகல் எடுத்தீங்க. நீங்கதானே எடுத்தது?"

அக்கா என்னையே பார்த்தார்.

"ஆமா மேடம். நான்தான்."

நாற்காலி தங்கியது. இப்போது நகல் எடுக்கும் வேலை என் அக்கவுண்டில் இருக்கிறது. அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்கும்படி வைத்திருக்கிறேன். தினமும் ஆபீஸுக்கு வந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். நகல் இருக்கும். முழுசாக, பிழையே இல்லாமல் இருக்கும். எடுத்தவர் என்ற இடத்தில் என் பெயர்தான் இருக்கும்.

முடிந்த நேரம் மட்டும் 3:56.