கேள்விக்குறியாகிப் போன பாட்டுகள்

போன வருஷம் ஆடி மாதம், மலேசியாவின் கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. மாலையில் ரதம் புறப்பட வேண்டும். ரதம் நிற்கிற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பாட்டு உண்டு. ஆத்தோரம் ஒன்று, ஆலைவாசலில் ஒன்று, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்து முனையில் ஒன்று. பல வருஷமாக அவற்றைப் பாடி வந்தவர் என் அம்மா. தொண்டையில் ஆபரேஷன் ஆன பிறகு அவருக்குக் குரல் போய்விட்டது. நல்லவேளை, அதற்கு முன்பே எல்லாப் பாட்டையும் என் போனில் பதிவு செய்து, எந்த இடத்துப் பாட்டோ அந்த இடத்தின் பெயரையே தமிழில் வைத்திருந்தேன். ஆறாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஒழுங்காக வாசிக்க வருவது தமிழ் மட்டும்தான்.

பக்கத்து ஊரான திரிங்காப்பிலிருந்து வந்த ஒலிபெருக்கிக்காரர், ரதத்தோடு போகும் காய்கறி லாரியில் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, தன் பழைய லேப்டாப்பில் அம்மாவின் பாட்டுகளை ஏற்றினார். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி ஓடுகிற ஆள். அதனால் பக்கத்திலேயே நின்றேன். திரையில் நான் வைத்த பெயர் ஒன்றையும் காணோம். வெறும் கேள்விக்குறிகள்.

"ஒரே பேர்ல ரெண்டு இருக்குக்கா. பழச அழிச்சிட்டுப் புதுச வைக்கவான்னு கேக்குது" என்று சொல்லிக்கொண்டே பொத்தானை அமுக்கப் போனார்.

"கைய எடுங்கண்ணே! நான் ஒரே பேர ரெண்டுக்கு வைக்கவே இல்ல."

இரண்டையும் போட்டுக் காட்டச் சொன்னேன். ஒன்று ஆத்தோரப் பாட்டு, மற்றது ஆலைவாசல் பாட்டு. அவர் தலையைச் சொறிந்தார்.

"இந்த மிஷினுக்குத் தமிழ் தெரியாதுக்கா. எழுத்துக்கு எழுத்து கேள்விக்குறி போட்டுடுது. நீளம் ஒண்ணா இருந்தா ரெண்டும் ஒண்ணுதான்னு நெனச்சிக்குது. பேசாம இங்கிலீஷ்ல மாத்திடுங்கலா."

"மாத்த மாட்டேன்."

என் வாயிலிருந்தா வந்தது என்று எனக்கே ஆச்சரியம். கோயில் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாச்சும்மா, ஒரு பேருக்குப் போயி சண்டையா?" என்றார். ஆனாலும் நான் விடவில்லை.

"மிஷினுக்குப் படிக்கத் தெரியலன்னா எங்கம்மா பாட்டு என்ன பண்ணும்? வயர என் போன்ல சொருகுங்க. நானே லாரில ஏறிப் போடுறேன்."

"நடுவுல உங்க வீட்டுக்காரர் கூப்பிட்டா தோட்டமே கேக்கும்லா!" என்றார் ஒலிபெருக்கிக்காரர்.

"கேக்கட்டும். சோறு எங்கேன்னுதான் கேப்பாரு."

கூட்டம் சிரித்தது. நான் ஏறிவிட்டேன். ரதம் நின்ற இடமெல்லாம் பெயரை வாசித்து வாசித்துப் போட்டேன். ஆலைவாசலில் அம்மாவின் குரல் பனியைத் தாண்டித் தேயிலைச் சரிவெல்லாம் கேட்டது. கீழே கூட்டத்தில் நின்ற அம்மா, சத்தமே வராத உதட்டை அசைத்துக் கூடவே பாடிக்கொண்டிருந்தார்.

இப்போதும் எங்கேயாவது ஒரு திரையில் என் எழுத்து கேள்விக்குறியாகவோ கட்டம் கட்டமாகவோ தெரிந்தால், நான்தான் தப்பாக எழுதிவிட்டேனோ என்று முன்போலப் பதறுவதில்லை. படிக்கத் தெரியாதது அந்த மிஷின், கற்றுக்கொள்ள வேண்டியதும் அதுதான்.