பாகற்கொடியை வெட்டியவர்களின் இரங்கல்

பிலோமினா டீச்சர் இறந்த செய்தி எனக்கு ஒரு விளம்பரமாக வந்தது. ஈப்போவில் காரைப் பட்டறையில் விட்டுவிட்டுக் காத்திருந்தேன். எங்கள் வட்டாரத்துப் பசுமைப் பள்ளிக் குழுவின் செயலாளர் கைப்பேசியில் அனுப்பியிருந்தார். டீச்சரின் படத்தைச் சுற்றிப் பச்சை இலைகள். மேலே ‘பசுமைத் தாய்’ என்ற பட்டம். கீழே செயலாளரின் பெயரும் பதவியும், டீச்சரின் பெயரைவிடப் பெரிய எழுத்தில். மாரடைப்பு என்பதையும் அடக்கம் எப்போது என்பதையும் டீச்சரின் தங்கை ரீத்தாவைக் கூப்பிட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

‘எல்லாரிடமும் அன்பாகப் பழகியவர்’ என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அவரை அறிந்த உங்களுக்கு அது பொய் என்று தெரியும். கோப்பெங்குக்கு வெளியே, ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டத்தில் இருக்கிறது எங்கள் தமிழ்ப்பள்ளி. அங்கே அவர் அறிவியலும் நான் கணிதமும் கற்பித்தோம். பிள்ளைகளிடம் மட்டும்தான் அவருக்குப் பொறுமை இருந்தது. பாசாங்கு செய்யும் பெரியவர்களைக் கண்டால் அவர் முகம் புளித்துவிடும். அதை மறைக்கவும் மாட்டார்.

கரிம வெளியீட்டைக் குறைத்து வாழ்வதைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிக்கிறார்கள் என்று பார்த்துவர, ஜப்பானில் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கு எங்கள் குழுவை அனுப்பினார்கள். செயலாளரும் அவருடைய ஆட்களும் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தலைமையாசிரியர் விளக்கிக்கொண்டிருந்தபோது, அவர்களில் ஒருவர் மின்சாதனக் கடை எந்தப் பக்கம் என்று மொழிபெயர்ப்பாளரிடம் விசாரித்தார். டீச்சர் மட்டும் ஒரு சன்னலருகே நின்றுவிட்டார். மேற்குப் பக்கச் சன்னல்கள் முழுவதும் வலை கட்டிப் பாகற்கொடி ஏற்றியிருந்தார்கள். வெயில் இலைகளோடு நின்றுவிட்டது. குளிர்ச்சாதனம் இல்லாமலே பிள்ளைகள் உள்ளே படித்துக்கொண்டிருந்தார்கள். கொடிக்கு வெளியே எவ்வளவு சூடு, உள்ளே எவ்வளவு சூடு என்று அவர்களே அளந்து பலகையில் எழுதினார்கள்.

“நம்ம பாவக்காதானே சார்” என்றார் டீச்சர். “நமக்கு அத சமைக்க மட்டும்தான் தெரிஞ்சிருக்கு. இவ்வளவு தூரம் வந்து கத்துக்கிறதுல வெட்கம் இல்ல. பாத்துட்டும் கத்துக்காம போனாத்தான் வெட்கம்.”

வெட்கமில்லாதவர்கள் எங்களோடு அதே விமானத்தில்தான் திரும்பினார்கள். வந்த வேகத்தில் ஒவ்வொரு பள்ளியிலும் ‘ஜப்பான் மூலை’ அமைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. வட்டாரம் முழுவதும் நெகிழிச் செர்ரிப் பூக்கள் பூத்தன. டீச்சர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பாகான் டத்தோவுக்குப் போய் மீனவர்களிடம் பழைய வலையைக் கேட்டு வாங்கிவந்து, ஐந்தாம் ஆண்டு வகுப்பின் மேற்குச் சன்னல்களில் கட்டினார். பிள்ளைகள் விதை போட்டார்கள். கொடி கூரையைத் தொட்டபோது, மதியத்தில் பக்கத்து வகுப்பு வெந்தது, இவர்கள் வகுப்பு வேகவில்லை. வெப்பமானியில் பார்த்துப் பிள்ளைகளே அதைச் சொன்னார்கள், பாதி விசிறிகளை அவர்களே நிறுத்தினார்கள். பள்ளிக்கு எதிரே உள்ள தாமான் குடியிருப்பில் சில வீடுகளிலும் கொடி ஏறியது. பகலில் இப்போதெல்லாம் குளிர்ச்சாதனம் போடுவதில்லை என்று ஓர் அம்மா பள்ளிக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு எங்கள் பள்ளியில் பசுமைப் பள்ளிப் போட்டியின் பரிசளிப்பு விழா வந்தது. ஒரு பிரமுகர் வருவதாக இருந்தது. முந்தின நாள் பார்வையிட வந்த செயலாளருக்குக் கொடி புதராகத் தெரிந்தது. பதாகை கட்ட அந்தச் சுவர்தான் வேண்டும் என்றார். பள்ளி முடிந்து பிள்ளைகள் போன பிறகு கொடியை அடியோடு வெட்டவைத்தார். காலையில் அவர்கள் வந்தபோது சன்னலை மறைத்துக்கொண்டு ஒரு நெகிழிப் பதாகை தொங்கியது. ‘இயற்கையை நேசிப்போம்’ என்று அதில் எழுதியிருந்தது. முதல் பரிசு, தண்ணீர்ப் புட்டிகளால் மரம் செய்த இன்னொரு பள்ளிக்குப் போனது. மரத்துக்குப் புட்டிகள் போதாமல் கடையில் புதிதாக வாங்கித் தண்ணீரைக் கால்வாயில் ஊற்றினோம் என்று அந்தப் பள்ளியின் ஆசிரியரே பெருமையாகச் சொன்னார்.

எங்கள் பிள்ளைகள் அழுதார்கள். டீச்சர் அழவில்லை.

“அழுற அளவுக்கு அவங்க பெரிய ஆளு இல்லலா” என்றார். “போய் அந்தக் குப்பைல பழுத்த காய் இருக்கான்னு பாருங்க. விதை எடுப்போம்.”

அடுத்த பள்ளித் தவணையில் கொடி மறுபடி ஏறியது. செயலாளர் யாரிடமோ நன்கொடை வாங்கி அந்த வகுப்புக்குக் குளிர்ச்சாதனம் பொருத்திக் கொடுத்தார். ஓய்வுபெறும்வரை டீச்சர் அதைப் போடவே இல்லை.

அடக்கத்துக்குப் பிறகு தேவாலய மண்டபத்தில் கூடினோம். உணவு குழுவின் செலவில், வெள்ளை நெகிழி நுரைப்பெட்டிகளில் வந்தது. செயலாளர் பேச எழுந்தார். தானும் டீச்சரும் சேர்ந்து ஜப்பானிலிருந்து கொண்டுவந்த பாகற்கொடித் திட்டம் என்று தொடங்கினார். முன்வரிசையில் இருந்த ரீத்தா எழுந்தார். குரலை உயர்த்தவில்லை.

“வெட்டச் சொன்னது நீங்கதானே சார்?”

அப்போது சூழ்நிலை அப்படி என்று செயலாளர் ஏதோ சொன்னார். பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்து அடுத்த பத்திக்குப் போய்விட்டார். இப்படிப்பட்டவர்களுக்கு எப்போதும் அடுத்த பத்தி ஒன்று இருக்கும்.

டீச்சர் கலந்துகொண்ட கடைசிக் குழுக் கூட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த ஆண்டின் சாதனைகள் என்று சட்டைகளையும் கேடயங்களையும் பிரமுகர்களின் படங்களையும் திரையில் காட்டினார்கள். எல்லாம் முடிந்ததும் டீச்சர் கேட்டார்: “சரி, இதனால எது குறைஞ்சிச்சு?” மின்சாரமா, பெட்ரோலா, குப்பையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தார். தேநீர் ஆறுகிறது என்றார் செயலாளர்.

டீச்சரின் அன்பை யாராவது எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு அந்தக் கேள்வி போதும். மண்டபத்தை விட்டுக் கிளம்பும்போது செயலாளர் என் தோளில் கை போட்டார். அடுத்து குழு கொரியாவுக்குப் போகிறது, டீச்சரின் இடத்தில் நீங்கள் வரவேண்டும் என்றார். ஜப்பானுக்குப் போனதால் எது குறைந்தது என்று கேட்டேன். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். அவர் சிரித்து முடிக்கும்வரை நின்றேன். பிறகு அதையே இன்னொரு முறை கேட்டேன்.