அம்பத்தூரில் இறங்கிய காலை

எண்பதுகளின் கடைசியில் நான் திருநின்றவூரிலிருந்து தினமும் ரயிலேறி, பாரிமுனையில் ஒரு துணிக்கடை வேலைக்குப் போய்வந்தேன். ஆவடியில் ஏறும் ஒரு பெண் என்னிடம் ஒட்டிக்கொண்டாள். "எங்க கம்பெனில ஆள் எடுக்கறாங்கக்கா. என்கூட அம்பத்தூர்ல எறங்கி ஒரு தபா வந்து பாரேன்" என்று விடாமல் கேட்பாள். முன்பின் தெரியாதவளுக்கு என்மேல் என்ன இவ்வளவு அக்கறை? கைப்பையை மடியோடு இறுக்கிக்கொள்வேன். "சும்மா யாரும் கூப்பிட மாட்டாங்க, இதுல ஏதோ இருக்கு" என்றார் என் கணவரும்.

ஒருநாள் கடையில் எல்லார் முன்னாலும் முதலாளி என்னைத் திட்டினார். மறுநாள் காலை அவள் இறங்கியபோது, போய்த்தான் பார்ப்போமே என்று நானும் இறங்கிவிட்டேன். முட்புதர்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் நடந்தாள். சுற்றிலும் ஒரு வீடுகூட இல்லை.

"எங்க கூட்டிட்டுப் போறே? உண்மையைச் சொல்லு" என்று நின்றுவிட்டேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இந்த வழியில ரெண்டு பேர் தெனமும் என் பின்னாடியே வரானுங்க. தொணைக்கு ஒரு ஆள் வேணும்னுதான் கூப்ட்டேன். வேலை நெசமாவே கீதுக்கா."

ஏதோ இருக்கிறது என்று நாங்கள் நினைத்தது சரிதான். ஆனால் இப்படி ஒன்று இருக்குமென்று தோன்றவே இல்லை.

மின்சார ஸ்விட்ச் தயாரிக்கும் அந்தக் கம்பெனியில் அன்றே என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். நாங்கள் சேர்ந்து வருவதைப் பார்த்த அந்த இருவரும் சில நாள் தள்ளி நின்று முறைத்தார்கள். பிறகு வரவில்லை.